சந்தியாகு உபதேசியாரின் கோவில் நோட்டு

1986 ஜூன் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் புறப்பட்ட காலைப் பேருந்தில் சந்தியாகுவை முதன்முதலாகப் பார்த்தேன். அன்றைய பயணச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆகவே தேதியில் பிழை இல்லை. சாக்கில் சுற்றிய, ஐந்து வயதுப் பிள்ளையின் உயரமுள்ள ஏதோ ஒன்றை அவர் மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். நடத்துநர் அதன் தலையில் தட்டினார்.

"இன்னா உபதேசியாரே, இதுக்கு லக்கேஜ் போட்டுடலாமா?"

"தட்டாதய்யா, ஒடைஞ்சிடப் போவுது. லக்கேஜ் இல்ல, ஆளு."

"ஆளுன்னா டிக்கெட்டு எடு."

"ஆளுதான். ஆனா செத்து ஆயிரத்தி அறநூறு வருசம் ஆச்சி. செத்தவங்களுக்கு உங்க பஸ்ஸுல டிக்கெட்டு உண்டா?"

பேருந்தே சிரித்தது. நடத்துநர் சீட்டுக் கொடுக்காமல் நகர்ந்துவிட்டார். சாக்கின் வாய் விலகியபோது தாடி வைத்த ஒரு துறவியின் முகமும், காலடியில் ஒரு சிறு பன்றியும் தெரிந்தன. அவர் வனத்து அந்தோணியார் என்பதும், மலைமேல் ஒரு சிற்றாலயத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார் என்பதும் பிறகு தெரிந்துகொண்ட செய்திகள்.

நான் புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளாத லூத்தரன் சபையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்ட பிறகு, வேதாகமத்தையும் அதற்குரிய விளக்க நூல்களையும் எவருடைய துணையுமின்றிப் படித்தவன். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"செத்துட்டார்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் அவர்கிட்ட இன்னாத்துக்குங்க வேண்டிக்கிறீங்க?"

அவர் திரும்பி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "கேள்வி நல்லாத்தான் கீது. ஆனா கச்சிராயபாளையம் தாண்டினா வளைவு ஜாஸ்தி. வாயத் தொறந்தா வாந்தி வரும். எழுதிப் போடுங்க."

எவரிடம் அந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த வாரமே பதினேழு கேள்விகளை முழுத்தாளில் வரிசை எண்ணிட்டு அனுப்பினேன். ஓராண்டில் அவை இருபத்தேழாயின.

சந்தியாகு எலவனாசூர்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், வன்னியக் கத்தோலிக்க உழவர் குடும்பத்தில், 1946இல் பிறந்தவர். அவருக்கு ராயப்பன் என்று ஒரே தம்பி. 1971இல், மலைச் சிற்றாலயத்தில் செபம் நடத்தி வேதம் சொல்லித்தந்த உபதேசியார் காய்ச்சலில் விழுந்தபோது, ஒரு மாதம் மட்டும் பார்த்துக்கொள்ளும்படி பங்குச் சுவாமியார் இவரை அனுப்பினார். அந்த ஒரு மாதம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. திருமணம் செய்துகொள்ளாததற்கு அவர் சொல்லும் காரணம் இது: "பொண்ணு பார்த்துக்கினு இருந்தப்ப மேல அனுப்பிட்டாங்க. நான் எறங்கி வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் புள்ளையே பொறந்துட்டுது."

சுவாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறுவார். மற்ற நாட்களில் மாலை ஆறு மணிக்கு சந்தியாகுவே மணியடித்து, ஜெபமாலை சொல்லி, இறுதியில் புனிதர்களின் பிரார்த்தனையைச் சொல்வார். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மக்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் கேட்பவர்களில் யாருக்குச் செபம் தெரியும் என்று சுவாமியார் கேட்பாராம். அதற்காக சந்தியாகு ஒரு முறை வைத்திருந்தார். கோயிலில் ஒரு நோட்டு இருக்கும். நாள்தோறும் அதில் தேதி, இன்னாருக்காக வேண்டுகிறோம் என்னும் கருத்து, பிரார்த்தனை சொன்னவர், பதில் சொன்னவர்கள் என்று நான்கு பத்திகள் நிரப்புவார். வாயை மட்டும் அசைத்தவர் பெயர் அதில் ஏறாது. நான் அறிந்த மனிதர்களில் என்னைவிட ஒழுங்காக ஏடு வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

என் கேள்விகளுக்கு ஓர் அஞ்சலட்டைக்கு ஒரு பதிலாக எழுதினார். நான்காம் கேள்வி, கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் ஒருவரே என்று பவுல் எழுதியிருக்க, உங்களுக்கு இத்தனை நடுவர்கள் எதற்கு என்பது. அதற்கு வந்த அட்டை இப்படி இருந்தது: "நடுவர் ஒருவரே. அதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் நீர் கடிதத்தின் முடிவில் 'எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறீர். நானும் நடுவன் அல்லவே. என்னிடம் ஏன் கேட்டீர்?"

நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள், ஆகவே கேட்டேன் என்று எழுதினேன். மறு அட்டை வந்தது: "அவர்களும் ஆண்டவரிடத்தில் உயிரோடிருக்கிறார்கள் என்று நம்புகிறோம். இதற்கு மேல் அட்டையில் இடமில்லை."

நான் விடவில்லை. மலை மக்கள் அந்தோணியார் சுரூபத்தின் காலடிப் பன்றியைத் தொட்டுக் கும்பிடுகிறார்களே, அதுவும் வேண்டுதல்தானா என்று கேட்டேன். அது பெரும்பாலும் அம்மாசியைப் பற்றிய கேள்வி. அம்மாசி கோயிலுக்கு எதிரே சாமையும் மரவள்ளியும் பயிரிட்ட, அந்த மலைக்கே உரிய மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த குடியானவர், ஞானஸ்நானம் பெறாதவர், ஆனால் ஊரில் இருக்கும் நாட்களில் ஒரு மாலையும் தவறாமல் வந்து உரக்கப் பதில் சொல்பவர். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டாமல் பார்த்துக்கொள்வது வனத்து அந்தோணியாரின் பொறுப்பு என்பது அவருடைய முடிவு. "பன்னிய மேய்க்கிற சாமிதானே? அவரு பன்னிய அவருதான் கட்டி வெக்கணும்" என்பார். இக்கேள்விக்கு மட்டும் சந்தியாகு வாதாடவில்லை. "அது தப்புதான். நானும் பதினஞ்சு வருசமா திட்டிக்கினுதான் கீறேன்" என்று நேரில் ஒப்புக்கொண்டார்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில், சபை சார்ந்த ஒரு மாணவர் விடுதியில் எழுத்தராக இருந்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. 1987 செப்டம்பர் பதினாறாம் தேதி காலை, மலைப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களில் பெற்றோரின் கைநாட்டு வாங்கி வருமாறு விடுதி மேலாளர் என்னை அனுப்பினார். வாயால் சொன்னார்; எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் தாள் இல்லாமல் நான் ஏற்றுக்கொண்ட கடைசி உத்தரவு அது.

மறுநாள், பதினேழாம் தேதி, இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் அறிவித்திருந்த ஒரு வார சாலை மறியல் தொடங்கியது. கீழே சாலைகளின் குறுக்கே மரங்கள் விழுந்தன. பேருந்து நின்றது. நான் சந்தியாகுவின் ஓட்டு வீட்டில் தங்க நேர்ந்தது. கீழே நாட்டில் என் தெருவும் அவர் தெருவும் ஒரே கிணற்றில் நீர் எடுத்ததில்லை. மலையில் ஒரே பானைச் சாமைச்சோற்றை எட்டு நாள் தின்றோம். மழைக்குப் பிறகு கடுக்காய் மரங்களிலிருந்து வரும் அந்த வாசனையை இன்று நினைத்தாலும் பசியெடுக்கிறது.

மாலைகளில் நான் கோயிலுக்குள் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே கல்லில் அமர்ந்திருப்பேன். சும்மா அமரவில்லை. பிரார்த்தனையில் வரும் பெயர்களைக் காதால் கேட்டு, முழுத்தாளில் இடப்பக்கம் பெயரும் வலப்பக்கம் 'வேத ஆதாரம்' என்ற பத்தியுமாக எழுதி வந்தேன். மூன்று மாலைகளில் ஐம்பத்திரண்டு பெயர்கள் தேறின. நான் தேடிய ஆதாரம், அவர்களை நோக்கி வேண்டிக்கொள்ளலாம் என்பதற்கானது. ஆகவே ஐம்பத்திரண்டுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

அம்மாசி எட்டிப் பார்த்தார். "இன்னா ரைட்டரே, சாமிங்களுக்கு ஆஜர் பட்டியலா?"

"இல்லீங்க, ஆதாரம் பார்க்கிறேன்."

"பார்த்து எழுதுங்க. ஒருத்தரு பேரு வுட்டுப்போனாலும் எங்க காட்டுக்குத்தான் பன்னி வரும்."

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கென்று முந்தின நாள் இறங்கிப் போயிருந்த அம்மாசி, கடுக்காய் மூட்டையை விற்காமலே தூக்கிக்கொண்டு மாலையில் திரும்பினார். கோயில் வாசலில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"கீழ ரோடே இல்லீங்க. புளியமரமெல்லாம் படுத்துக் கெடக்குது. போலீசு சுட்டுட்டாங்களாம். ஆளுங்க செத்துப்பூட்டாங்களாம்."

"எந்த ஊர்ல?" என்றார் சந்தியாகு.

"வெழுப்புரம் பக்கம்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் ஒளுந்தூர்பேட்டைன்றான். பேரு யாருக்கும் தெரியல."

அவருடைய தம்பி ராயப்பன் மறியலில் இருந்தார். மகனுக்கு வேலை கேட்டு அலைந்து சலித்தவர். முதல் மரத்துக்குக் கோடரி எடுத்துப் போவதாக அதற்கு முந்திய வாரமே அண்ணனுக்கு எழுதியிருந்தார்: "வெட்டப்போகிறேன், நீ வேண்டிக்கொள்" என்று. அந்தக் கடிதம் சந்தியாகுவின் சட்டைப்பையில் இருந்தது.

அவர் போய் மணியடித்தார். ஜெபமாலை முடிந்தது. பிரார்த்தனையைத் தொடங்கினார். வழக்கம்போல், புனித என்பதற்குரிய பழஞ்சொல்லோடு, "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்றார்; பதில் வந்தது. சூசையப்பரைச் சொன்னார், பதில் வந்தது. அடுத்து இராயப்பர், அதாவது பேதுரு. அது அவருடைய தம்பியின் பெயர். "அர்ச்சியசிஷ்ட இரா" என்பதோடு குரல் நின்றுவிட்டது. மறுபடியும் தொடங்கினார்; மறுபடியும் அங்கேயே நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே இருந்த எட்டுப் பேருக்கும் பதில் சொல்லத்தான் தெரியும். பெயர் வரிசை தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாசி வாசலை நோக்கித் திரும்பி, "ரைட்டரே, உங்ககிட்டதான் லிஸ்ட்டு கீதே" என்றார்.

அந்த மலையில் அந்த ஐம்பத்திரண்டு பெயர்களையும் வரிசைப்படி எழுதி வைத்திருந்த மற்றொரு மனிதன், அவற்றை மறுப்பதற்காக எழுதியவனாகிய நான்தான்.

எழுந்து உள்ளே போனேன். அரிக்கேன் வெளிச்சத்தில் தாளை விரித்து, "அர்ச்சியசிஷ்ட இராயப்பரே" என்று வாசித்தேன். எட்டுக் குரல்களும் ஒன்றாய், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றன. ஐம்பத்திரண்டு வரை வாசித்தேன். இடப்பக்கத்தை மட்டும் வாசித்தேன். பாதியில் சந்தியாகுவின் குரலும் பதிலில் சேர்ந்துகொண்டது.

யாரை நோக்கி வாசித்தேன் என்று அன்று முதல் பலரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ராயப்பன் உயிரோடிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். அதைத் தவிர மனத்தில் வேறொன்றும் இல்லை.

ராயப்பன் சாகவில்லை. கடலூர்ச் சிறையில் இருப்பதாக நான்கு நாள் கழித்துச் செய்தி வந்தது. இருபத்தைந்தாம் தேதி நான் விடுதிக்குத் திரும்பினேன். மேலாளர் என்னைத் தாம் அனுப்பவே இல்லை என்றார். ஒன்பது நாள் அனுமதியின்றிப் பணியைக் கைவிட்டதாகக் குற்றச்சாட்டுத் தந்து, பணியிடை நீக்கம் செய்தார்கள். கைநாட்டு வாங்கிய விண்ணப்பங்களைக் காட்டினேன். அவற்றில் தேதி இல்லை. நான் மலையில் இருந்ததற்கு, நாள்வாரியாக எழுதப்பட்ட சான்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சந்தியாகுவின் கோயில் நோட்டு.

அக்டோபரில் மலையேறினேன். நோட்டைப் பிரித்தோம். ஒவ்வொரு நாளிலும் ஓரத்தில், 'லூத்தரன் ரைட்டர் தேவசித்தம், வெளியே கல்லில்' என்று குறித்திருந்தார். இருபதாம் தேதிக்கு வந்தபோது புரட்டுவதை நிறுத்தினேன். 'கருத்து: என் தம்பி. பிரார்த்தனை சொன்னவர்: ரைட்டர் தேவசித்தம்.'

விசாரணைக் குழுவில் இருந்த மூவரும் எங்கள் சபையார். இந்தப் பக்கத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் விட்டுவிடுவது முறையன்று.

"உபதேசியாரே, அந்தப் பேரை மட்டும் அடிச்சிடுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. "அடிச்சா, அடிச்சது தெரியும் ரைட்டரே. அப்புறம் மத்த நாளையும் எவனும் நம்பமாட்டான்." நோட்டைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். இருபதாம் தேதிய வுட்டுட்டு மத்த நாளுக்கு நகல் எழுதித் தர்றேன். மழை, கோயிலு தொறக்கலன்னு நெனச்சிக்குவாங்க. நான் ஒண்ணும் பொய் எழுதலியே."

அன்று முழுவதும் யோசித்தேன். வேலை போனால் மனைவிக்கும் இரு மகள்களுக்கும் சோறு போட வேறு வழி இல்லை. ஆனால், என்னை அனுப்பவில்லை என்று சொன்ன மேலாளரும் எதையும் பொய்யாக எழுதவில்லை. எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். அவர் செய்ததையே நானும் செய்துவிட்டு எந்த முகத்தோடு நீதி கேட்பேன்?

"எல்லா நாளும் எழுதுங்க" என்றேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி விசாரணை. சாட்சி சொல்ல சந்தியாகு மலையிலிருந்து இறங்கி வந்தார். ஒன்பது நாட்களைப் பற்றி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இருபதாம் தேதியைப் பற்றிப் பதினொரு கேள்விகள் கேட்டார்கள். பிறகு சந்தியாகுவை உள்ளே அழைத்தார்கள்.

"இவர் உங்கள் புனிதர்களை வணங்கினாரா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லீங்க. நான் அழுதுகினு இருந்தேன். எனக்குப் பதிலா படிச்சாரு."

"அப்படியானால் யாரை நோக்கிப் படித்தார்?"

"அது அவருக்கும் ஆண்டவருக்கும் தெரியும்ங்க. எங்க காதுல வுழுந்தது, நாங்க பதில் சொன்னோம். உங்க கோயில்ல யாராவது அழுதா, மிச்சத்த யாரு படிக்கறாங்க?"

டிசம்பரில் பணிநீக்க ஆணை வந்தது. காரணம், 'பணியைக் கைவிட்டமை' என்று ஒரே வரி. இருபதாம் தேதியைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. மேல்முறையீடுகள் நாற்பத்தொன்று அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டுகள் நாற்பத்தொன்றும் இருக்கின்றன. வேலை திரும்பவில்லை. சின்னசேலத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி மகள்களைப் படிக்கவைத்தேன்.

அந்த ஆண்டுகளை இழப்பின் ஆண்டுகளாக நான் எண்ண வேண்டும். ஆனால் நினைவில் வருபவை வேறு. ஆண்டுதோறும் செப்டம்பரில் மலையேறுவேன். சந்தியாகு பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். "இன்னா, கேள்வி கொண்டாந்தியா? கம்மியாக் கேளு, வயசாயிடுச்சி" என்பார். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும், 'நீங்க' எப்போதோ 'நீ' ஆனதும், எந்த நாளில் என்று மட்டும் நான் குறித்துவைக்கவில்லை. இருபத்தாறு கேள்விகளுக்கு அவருடைய அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் பதினெட்டு எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லாதவை. இருபத்தேழாவது கேள்வி, மரித்தவர்கள் நாம் கேட்பதைக் கேட்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி என்ன என்பது. "இத நேர்ல சொல்றேன்" என்று இருபத்து நான்கு ஆண்டுகள் தள்ளிக்கொண்டே வந்தார்.

2011 அக்டோபரில், மார்வலி வந்த அன்றே இறந்துபோனார். எனக்குச் செய்தி பிந்திக் கிடைத்ததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி, அவர்கள் தங்கள் இறந்தோரின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில் போய்ச் சேர்ந்தேன். தலை முழுதும் நரைத்துப்போன அம்மாசி என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார். முப்பத்தெட்டு நோட்டுகள் இருந்தன.

1987 டிசம்பரிலிருந்து புரட்டினேன். கருத்து என்னும் பத்தியில் நாள்தோறும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: 'ரைட்டர் வேலை.' காய்ச்சல்காரர், பிரசவம், மழை, பன்றி எல்லாவற்றோடும் அதுவும் இருந்தது. 'ரைட்டர் வேலை', 'ரைட்டர் வேலை' என்று இருபது ஆண்டுகள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைந்த 2007 ஏப்ரலில், வேலை திரும்பக் கிடைத்திருந்தாலும் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள், அந்த வரி மாறியிருந்தது. அதிலிருந்து இறுதிப் பக்கம் வரை 'ரைட்டர்' மட்டும்.

இதை அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. கடிதத்தின் முடிவில் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று வழக்கத்துக்காக எழுதினேன். அவர் அதை ஒரு மனுவாகப் பெற்றுப் பதிவு செய்திருந்தார். நான் அனுப்பிய மனுக்களில் பதிவேட்டில் ஏறியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு அம்மாசி மணியடித்தார். புது உபதேசியார் இன்னும் வரவில்லை. "லிஸ்ட்டு கீதா ரைட்டரே?" என்றார். இருந்தது, மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு, பையில் வைத்திருந்தேன். வலப்பக்கத்தில் ஐம்பத்திரண்டு 'இல்லை'களும் அழியாமல் இருந்தன. அவற்றை நான் மாற்றவில்லை. மாற்றுவதற்குரிய ஆதாரம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. 1987இல் போலவே இடப்பக்கத்தை வாசித்தேன். வந்திருந்தவர்கள் பதில் சொன்னார்கள்.

முடிந்தது என்று தாளை மடித்தேன். அம்மாசிக்கு முடியவில்லை.

"எங்க உபதேசியாரு சந்தியாகுவே!" என்று அவராகவே கூப்பிட்டார்.

திருச்சபை எதுவும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காத பெயர் அது. பின்னாலிருந்த ஒரு கிழவி, "அவரு சாமியா இன்னா?" என்று முணுமுணுத்தார். "சாமி இல்ல, நம்ப ஆளு. கேட்டா செய்வாரு" என்றார் அம்மாசி.

அவர்கள் பதில் சொன்னார்கள். அந்த மனிதரிடம் நான் இருபத்தைந்து ஆண்டுகள் கேட்டுவந்தது வேறு சொற்களில் அதைத்தான். கடிதங்களில் 'எனக்காக' என்றிருந்தேன்; அன்று அவர்களோடு சேர்ந்து 'எங்களுக்காக' என்று சொன்னேன்.

பிறகு அம்மாசி நோட்டையும் பேனாவையும் என் முன் வைத்தார். தேதியிட்டேன். கருத்து என்ற இடத்தில் 'சந்தியாகு' என்று எழுதினேன். பதில் சொன்னவர்களை அவர் முறைப்படியே, வாயை மட்டும் அசைத்தவர்களை விட்டுவிட்டு, ஒவ்வொருவராக எழுதினேன். பதினொரு பேர். பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதி, மை காயும்வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தேன்.